நீ எந்தப் படியில் நிற்கிறாய்?

ஆய்வு என்றாலே அட்டவணையும் கொட்டாவியும்தான் என்று நினைப்பவர்களே, கொஞ்சம் இப்படி வாருங்கள்! ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'யங் லைவ்ஸ்' ஆய்வுக்காரர்கள் கிராமத்துக்குப் போகும்போது பைக்குள் என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

பையிலிருந்து முதலில் வருவது ஓர் ஏணி. தாளில் வரைந்த ஏணிதான், ஒன்பது படிகள். உச்சிப் படியில் இருப்பது உனக்கு வாய்க்கக்கூடிய ஆக நல்ல வாழ்க்கை. அடிப்படியில் இருப்பது ஆக மோசமானது. இன்றைக்கு நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று பிள்ளையிடமே கேட்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கேன்ட்ரிலின் யோசனையைத் தழுவிய கேள்வி இது. எத்தனையோ கணக்கெடுப்புகள் வந்து கூரையைப் பார்த்து, மாட்டை எண்ணி, அப்பாவின் வருமானத்தைக் குறித்துக்கொண்டு போயிருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் உன் வாழ்க்கை உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? எனக்கு இந்த ஆய்வின்மேல் காதல் வந்த இடம் இதுதான்.

எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், இந்தியா என்று நான்கு நாடுகள். மொத்தம் 12,000 பிள்ளைகள். இந்தியாவில் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 3,019 பேர். 2002-இல் முதல் சுற்று நடந்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் கைக்குழந்தைகள், மற்றவர்கள் எட்டு வயதுக்காரர்கள். ஸ்ரீகாகுளம் முதல் அனந்தபூர் வரை, கரீம்நகர் முதல் ஹைதராபாத் வரை அதே பிள்ளைகளை 2006, 2009, 2013, 2016 என்று தேடித் தேடிப் போயிருக்கிறார்கள். நடுவில் 2014-இல் மாநிலமே இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகளின் பட்டியல் மட்டும் பிரியவில்லை!

தேடிப் போவது லேசான வேலையா? மகபூப்நகர் மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கட்டட வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அனந்தபூரில் மழை பொய்த்தால் ஊரே நகர்ந்துவிடும். அப்படியும் 2016 வரை நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆய்வில் தொடர்ந்திருக்கிறார்கள். வெயிலில் அலைந்து கதவு கதவாகத் தட்டிய களப்பணியாளர்களின் உழைப்பு அது. அறிக்கையின் அட்டையில் பேராசிரியர் பெயர் இருக்கட்டும், என் முதல் கும்பிடு இவர்களுக்கு.

பையில் இன்னும் நிறைய இருக்கிறது. உயரம் அளக்கும் பலகை, எடை எந்திரம். ஒரு சொல்லைச் சொன்னால் நான்கு படங்களில் சரியானதை விரலால் தொட்டுக் காட்டவேண்டிய சொற்சோதனை. சில ஊர்களில் வண்ணப் பென்சிலும் வெள்ளைத் தாளும். நன்றாக வாழும் பிள்ளை எப்படியிருக்கும், கஷ்டப்படும் பிள்ளை எப்படியிருக்கும் என்று சிறுவர்களையே வரையச் சொல்லி, வரைந்ததைப் பற்றிப் பேசவிடுவார்கள்.

இப்படிச் சேர்த்ததில் என்ன தெரிந்தது என்கிறீர்களா? சத்துணவு கண்ட நமக்கு இனிக்கும் செய்தி ஒன்று. ஆந்திரப் பள்ளிகளில் 2003-இல் மதிய உணவு வந்தது. அதற்குச் சற்று முன்புதான் கடும் வறட்சி. அபிஜீத் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெஃபான் டெர்கான் மூவரும் இந்தப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் ஆராய்ந்தார்கள். வறட்சியால் வளர்ச்சி குன்றியிருக்க வேண்டிய சின்னப் பிள்ளைகளை அந்த ஒருவேளைச் சோறு மீட்டிருந்தது! உயரப் பலகையில் யாரோ கவனமாகக் குறித்த சென்டிமீட்டர்தான் அதற்குச் சாட்சி.

கசக்கும் செய்திகளும் உண்டு. தனியார் பள்ளிக்குப் போகும் எட்டு வயதுப் பிள்ளைகள் 2002-இல் 24 விழுக்காடு, 2009-இல் 44. அந்த வாசலில் பெண்பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் பின்தங்கியே நின்றார்கள். அதே 2009-இல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இன்னொரு கேள்வி: போன வாரம் ஆசிரியர் யாரையாவது அடிப்பதைப் பார்த்தாயா? இந்தியாவில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆமாம் என்றார்கள். போன வருடம் என்றில்லை, போன வாரம்! பள்ளியில் அடிக்கக் கூடாது என்று சொன்ன கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியதும் அந்த ஆண்டில்தான். மதிப்பெண்ணை மட்டும் சேகரித்துப் போயிருந்தால் இந்தப் பிரம்பு எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது. கல்விச் சமத்துவம் பேசுகிறவர்கள் பிள்ளையின் பயத்தையும் கணக்கில் எழுதவேண்டும். எழுதாத கணக்கு பாதிக் கணக்குதான்.

கொரோனா வந்தது, வீடுகளுக்குப் போக முடியவில்லை. அன்றைய கைக்குழந்தைகள் அதற்குள் இளைஞர்களாகியிருந்தார்கள். 2020, 2021-இல் ஐந்து முறை தொலைபேசியில் அழைத்தார்கள். படிப்பு தொடர்கிறதா, வேலை போய்விட்டதா என்பதோடு மனப்பதற்றம், சோர்வு பற்றியும் விசாரித்தார்கள். கைக்குழந்தையாய்ப் பார்த்த பிள்ளையை இருபதை நெருங்கும்போது அழைத்து நலம் கேட்கும் ஆய்வு ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பேரானந்தம்!

பிள்ளைகளின் பெயரும் ஊரும் மறைக்கப்பட்ட இந்தத் தரவுகள் பிரிட்டனின் தரவுக் காப்பகத்தில் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் ஆய்வுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும். முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, போய் எடுத்துப் பாருங்கள். ஆசிரியர்களே, நீங்களும் நாளை வகுப்பில் கரும்பலகையில் ஒன்பது படி வரைந்து கேட்டுப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லவேண்டாம், துண்டுத்தாளில் எழுதி மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கீழ்ப்படியில் நிற்கும் பிள்ளை யார் என்று தெரிந்துவிட்டால், அன்று மாலையே அந்தப் பிள்ளையோடு பேசிவிடுங்கள்.