காத்திருப்போர் பட்டியலில் நம் பெயர்



விழுப்புரம் சந்திப்பில் வண்டி ஏறிப் பழகிய நமக்கு 'வெயிட்டிங் லிஸ்ட்' என்பது புதிய சொல் அல்ல. நாற்பதில் இருந்த எண் பன்னிரண்டாகி, பிறகு ஆர்.ஏ.சி. ஆகி, கடைசியில் இடம் உறுதியானதும் நிம்மதி அடைகிறோம். கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வரும். பேருந்தைப் பிடித்துப் போய்விடுவோம். ஆனால் வெளிநாட்டுப் பள்ளியில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்து, நேர்காணலையும் முடித்த ஒருவருக்கு, "தகுதி பெற்றிருக்கிறீர்கள், காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்று பதில் வந்தால் நிலைமை வேறு. தன் எண் என்ன என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. முடிவு என்று வரும் என்பதும் தெரியாது. வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். சொல்வதற்குத்தான் ஒன்றும் இருக்காது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பி.எட். முடித்த இளையோர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காத்திருப்பு பழகிப்போன ஒன்று. முன்பு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதிவு மூப்புக்காகக் காத்திருந்தார்கள். 2012ஆம் ஆண்டு ஜூலையில் தமிழகத்தின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. அதன் பின் தேர்ச்சி பெற்றும் பணி கிடைக்காதவர்கள் காத்திருந்தார்கள். 2018இல், தகுதித் தேர்வில் தேறியவர்களும் நியமனத்திற்குத் தனியே ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. ஏழு ஆண்டுகள் மட்டுமே செல்லும் என்றிருந்த தகுதிச் சான்றிதழ், 2021இல்தான் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றானது. இப்படிக் காத்துக் களைத்தவர்கள் வளைகுடா நாடுகளையும் மாலத்தீவையும் இங்கிலாந்தையும் நோக்கிப் பார்ப்பதில் வியப்பில்லை. அங்கேயும் ஒரு பட்டியல் காத்திருக்கிறது என்பதுதான் வேதனை. இந்தக் காத்திருப்பை எப்படி வாழ்வது என்று சற்றுச் சிந்திப்போம்.

முதலில், அந்தப் பட்டியல் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு பள்ளிக்கு மூன்று ஆசிரியர்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் தகுதியானவர்கள் என்று கண்டால், மூவருக்குப் பணி ஆணை போகும்; மற்ற இருவர் காத்திருப்பில் வைக்கப்படுவார்கள். அந்த மூவரில் ஒருவருக்கு விசா கிடைக்காமல் போகலாம். மருத்துவப் பரிசோதனையில் தடை வரலாம். வேறு பள்ளி கூடுதல் ஊதியம் தரலாம். வீட்டில் யாருக்காவது உடல்நலம் குன்றலாம். அப்போதுதான் பட்டியல் நகரும். ஆக, நம் பெயர் மேலே வருவது நம் திறமையைப் பொறுத்ததாக இனி இல்லை. முன்பின் தெரியாத இன்னொருவரின் முடிவைப் பொறுத்தது. தேர்வு முடிந்துவிட்டது, இதற்குமேல் நம்மை நாமே திட்டிக்கொள்வதில் பொருளில்லை.

அதே வேளையில், பட்டியலில் இடம் பெறுவதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அரசுப் பணிக்கான தேர்வுப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே நியமனம் பெறும் உரிமை உறுதியாகிவிடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1991இல் சங்கர்சன் தாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசுப் பட்டியலுக்கே இந்த நிலை என்றால், கடல் கடந்த தனியார் பள்ளியின் காத்திருப்புப் பட்டியலை நம்பி இங்கே கையில் இருக்கும் வேலையை விடலாமா? பணி ஆணை கையில் வந்து, விசாவும் உறுதியான பிறகே ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டும். கடன் வாங்குவதும், நகையை அடகு வைப்பதும், திருமணப் பேச்சைத் தள்ளிப் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகள் பொதுவாக ஏப்ரலில் கல்வியாண்டைத் தொடங்குகின்றன. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் செப்டம்பரில் தொடங்குகின்றன. தொடக்கத்திற்கு முந்தைய வாரங்களில்தான் கடைசி நேர விலகல்கள் நடக்கும். ஆகவே பள்ளிக்கு மரியாதையாக ஒரே ஒரு கடிதம் எழுதலாம்: "இன்னும் விருப்பத்தோடு இருக்கிறேன், எந்தத் தேதி வரை இப்பட்டியல் செல்லும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்." பதில் வந்தால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்வோம். வராவிட்டால், கல்வியாண்டு தொடங்கி ஒரு மாதம் என்று நாமே ஓர் எல்லை வைத்துக்கொள்வோம். எல்லை இல்லாத காத்திருப்பு மனிதரை அரித்துவிடும்.

அந்த எல்லை வரை செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. கடவுச்சீட்டு இன்னும் எத்தனை ஆண்டுகள் செல்லும் என்று பார்ப்பது, பட்டச் சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் பெறும் முறையைக் கேட்டறிவது, ஆங்கிலப் பேச்சை மேம்படுத்துவது ஆகியவை எந்த நாட்டுக்கும் பயன்படும். வேறு வாசல்களையும் தட்டிப் பார்க்கலாம். 2023 பிப்ரவரி முதல், இந்தியா உள்ளிட்ட மேலும் ஒன்பது நாடுகளின் ஆசிரியர்கள் இங்கிலாந்தின் ஆசிரியத் தகுதி நிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி திறக்கப்பட்டது. கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களை 11 முதல் 16 வயது வரையிலான மாணவர்களுக்குக் கற்பிப்போர்க்கு உரியது அது. தமிழக அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பட்டியலில் உங்களை முன்னே கொண்டு வருகிறோம், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் நம்ப வேண்டாம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு ரூ.30,000; அதோடு ஜி.எஸ்.டி. சேரும். இலட்சக்கணக்கில் கேட்பவர் வேலை தருபவராக இருக்க மாட்டார். அசல் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் எவரிடமும் விட்டுவைக்க வேண்டாம். காத்திருப்பவரின் தவிப்புதான் ஏமாற்றுபவரின் மூலதனம்.

அன்பார்ந்தவர்களே, நம் நாட்டிற்குக் கற்பிக்க வந்தவர்களுள் மாற்று ஆளாக வந்தவர் ஒருவர் உண்டு. போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜான் இந்தியாவுக்கு ஆள் கேட்டபோது, இஞ்ஞாசியார் தேர்ந்துகொண்டவர்கள் சைமன் ரொட்ரிகஸ், நிக்கோலாஸ் பொபதில்லா என்ற இருவர். சவேரியார் பெயர் அதில் இல்லை. பொபதில்லா நோயுற்றார், அவருக்குப் பதிலாக 1540 மார்ச்சில் உரோமையிலிருந்து புறப்பட்டவர்தான் பிரான்சிஸ் சவேரியார். லிஸ்பனில் கப்பலுக்காக ஏறக்குறைய பத்து மாதங்கள் காத்திருந்தார். அந்த மாதங்களில் கைதிகளைச் சந்தித்தார், போதித்தார், ஒப்புரவு அருட்சாதனம் வழங்கினார். 1541 ஏப்ரலில் கப்பல் ஏறியும், மொசாம்பிக்கில் காற்றுக்காகப் பல மாதங்கள் தங்க நேர்ந்தது. அங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். 1542 மே 6இல் கோவாவை அடைந்தார். அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தமிழில் செபங்களைக் கற்றுக்கொடுத்தார்.

மற்ற இருவரும் என்ன ஆனார்கள்? ரொட்ரிகசை மன்னர் லிஸ்பனிலேயே நிறுத்திக்கொண்டார். அவர் அங்கே சபையை வளர்த்தார். பொபதில்லா நலம் பெற்று ஐரோப்பாவிலேயே நெடுங்காலம் உழைத்தார். பட்டியலில் இருந்தவர்கள் வரவில்லை, இல்லாதவர் வந்தார். மூவருக்கும் செய்ய வேலை இருந்தது. சவேரியார் லிஸ்பனில் கழித்த பத்து மாதங்களை நாம் மறந்துவிடக்கூடாது. கப்பல் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர் கைகட்டி உட்காரவில்லை.

ஆனால் அழைப்பு கடைசி வரை வராமலே போய்விட்டால்? யூதாசின் இடத்திற்கு இருவர் முன்னிறுத்தப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. யுஸ்து எனப்பட்ட யோசேப்பு பர்சபாவுக்கு விழவில்லை. அவரைப் பற்றி அந்நூல் அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை. ஆயினும் அவர் முன்னிறுத்தப்பட்டதே, தொடக்கம் முதல் ஆண்டவரோடு நடந்தவர் என்பதால்தான். சீட்டு விழாததால் அந்த ஆண்டுகள் அழிந்துவிடவில்லை. திருச்சபை அவரையும் புனிதராகவே நினைவுகூர்கிறது. திண்டிவனத்தில் ஒரு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு புரியவைத்த ஆசிரியை, வெளிநாட்டுக் கடிதம் வராததால் ஆசிரியை இல்லாமல் போய்விடுவாரா? அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

கிடைக்கவில்லை என்று உறுதியானால் வருந்துவது இயல்பே. அழவும் செய்யலாம், அது விசுவாசக் குறைவு ஆகாது. ஆனால் தூக்கம் கெட்டு, உணவு வெறுத்து, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் நாட்கள் நீண்டால், உதவி கேட்கத் தயங்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

இறுதியாக, காத்திருப்போரைச் சுற்றியுள்ள நமக்கும் ஒரு கடமை உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகிறவரிடம் "எப்போ கிளம்புறீங்க? விசா வந்துடுச்சா?" என்று வாரந்தோறும் கேட்பதை நிறுத்துவோம். பெற்றோர் பிள்ளையின் பயணத்தை உறவினரிடம் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பின்பு அந்தக் கூச்சத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். அதற்குப் பதிலாக, "இந்த வாரம் வகுப்பு எப்படிப் போச்சு?" என்று கேட்போம். அன்பியக் கூட்டங்களில் அவர்களுக்காகச் செபிப்போம்; மாலை வகுப்பு நடத்தவோ மறைக்கல்வி கற்பிக்கவோ அவர்களை அழைப்போம். நாம் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு, காத்திருப்பவருக்குச் சோறு போன்றது.

பட்டியல் நகரலாம், நகராமலும் போகலாம். கடிதம் வந்தால் நன்றியோடு புறப்படுவோம். வராவிட்டாலும், நாளைக் காலை முதல் மணி அடிக்கும்போது நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் முழு மனதோடு செல்வோம். காத்திருக்கும் நம் ஆசிரியப் பிள்ளைகள் அனைவரையும் இறைவன் திடப்படுத்தி வழிநடத்துவாராக!