அம்மாவைத் தெரியாத அரை மணி நேரம்

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் பிள்ளைக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் பக்கத்து வேங்கிக்கால்காரர்கள் பெரும்பாலும் வேலூருக்கு பஸ் ஏறுவார்கள், இல்லாவிட்டால் சென்னை எழும்பூருக்கு. இப்போது தூரம் குறைந்திருக்கிறது. தியேட்டர் கதவுக்கு வெளியே நிற்கிற தாயின் சந்தேகங்கள் மட்டும் குறையவில்லை.

"காலையில பால் குடுத்துடாதீங்கம்மா" என்பதிலேயே அவை ஆரம்பிக்கின்றன. பசியில் கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இதைக் கேட்பது கொடுமைதான். ஆனால் மயக்க மருந்து ஏறியதும் தொண்டையின் காவல் அடங்கிவிடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கலாம். தாய்ப்பாலுக்கு 4 மணி நேர இடைவெளி போதும், மாட்டுப்பாலுக்கு 6 வேண்டும். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்புவரை தரலாம் என்பதே பொதுவான வழிமுறை. ராத்திரியோடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிற இடங்களும் உண்டு. டாக்டரிடம் கேட்டுத் தெளிவதில் தப்பில்லை.

அப்புறம் சிஸ்டர் வந்து வெள்ளி அரைஞாணைக் கழற்றுவார். ரத்தக்கசிவை மின்சாரத்தால் சுட்டு நிறுத்தும்போது, உடம்பில் கிடக்கும் உலோகம் தோலைச் சுட்டுவிடலாம். நகப்பூச்சையும் துடைத்துவிடுவார். அது விரலில் மாட்டும் கிளிப்புக்காக.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பார்த்த அந்தக் கிளிப்பின் சூட்சுமம் அழகானது. சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளை விரலுக்குள் அனுப்பி, ரத்தம் எதை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்தால் ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். ஆனால் தோலும் எலும்பும்கூட ஒளியை விழுங்குமே, அதை எப்படிக் கழிப்பது? ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1970களில் வழி கண்டார். தோலும் எலும்பும் துடிப்பதில்லை; தமனி ரத்தம்தான் துடிக்கிறது. துடிக்கிற பங்கை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும்.

தாயை உண்மையில் உலுக்கிவிடுவது ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் நேரம். கண் திறந்த பிள்ளை வீறிடும், காலை உதைக்கும், அம்மாவையே யாரோ போலப் பார்க்கும். 2 முதல் 5 வயதுக்காரர்களிடம் இது அதிகம். செவோஃபுளுரேன் போன்ற மூச்சு வழி மயக்க மருந்துகள் வேகமாக வெளியேறும்போது, மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே சமயத்தில் விழிப்பதில்லை என்பது ஒரு விளக்கம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும். பிள்ளைக்கு நினைவும் இருக்காது. இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் எத்தனையோ அம்மாக்கள் பதறாமல் இருப்பார்கள்.

இதுவரை சொன்னவற்றில் மருத்துவமனை பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு விஷயத்தில் அது நீண்ட காலம் தவறியது. பச்சைக் குழந்தைக்கு வலி சரியாக உறைக்காது, வலிமருந்துதான் ஆபத்து என்று 1980கள் வரை மேல்நாடுகளிலேயே பல மருத்துவர்கள் நம்பினார்கள். 1985இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு, அசையாமல் இருக்கத் தசைகளை முடக்கும் மருந்தை மட்டும் கொடுத்து இதயத்தருகே அறுவை செய்தார்கள். சில வாரங்களில் குழந்தை இறந்தது. பிறகு விவரம் தெரிந்த தாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டு விஷயம் பத்திரிகைக்கு வந்து பெரிய விவாதமானது.

அதே சமயத்தில் ஆக்ஸ்போர்டில், இந்தூரில் மருத்துவம் படித்த கன்வல்ஜீத் ஆனந்த் அதே வகை அறுவை செய்துகொண்ட குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஃபென்டனில் என்ற வலிமருந்து பெறாத குழந்தைகளின் உடம்பில் பதற்ற ஹார்மோன்கள் எகிறியிருந்தன. ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987இல் லான்செட் இதழில் அது வெளியானது. வலியைச் சொல்ல வாய் இல்லாத குழந்தைகளுக்காக ரத்தம் சாட்சி சொன்னது.

பேசத் தெரியாத பிள்ளையின் வலிக்கு இன்று மதிப்பெண் போடுகிறார்கள். 1997இல் வெளியான ஒரு முறையில் முகம், கால், அசைவு, அழுகை என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. ஐந்தாவது கேள்வி, தூக்கி அணைத்தால் சமாதானம் ஆகிறதா என்பது. அணைத்ததும் அடங்கினால் 1. அப்படியும் அடங்காவிட்டால் 2.