தண்டாலும் அலைச்சறுக்கும்

கடந்த ஆண்டு டிசம்பரில் தோழிகள் மூவருடன் செராத்திங் சென்றேன். குவாந்தானுக்கு வடக்கே உள்ள இந்தக் கடற்கரையில், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அலைச்சறுக்குக்கு ஏற்ற அலைகள் எழும். மற்ற மாதங்களில் கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும்.

நான் தயாராகத்தான் போனேன். ஆறு மாதமாக விடுதி உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கியவள். அலைமேல் நிற்பதுதானே, கால் பலமாக இருந்தால் போதும் என்று கால்களுக்கே வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன். கடலில் இறங்கிய இருபதாவது நிமிடத்தில் கைகள் ஓய்ந்துவிட்டன. கால்களுக்கு வேலையே வரவில்லை.

அதைவிட மோசம், கரை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் மோதிய நீர் ஏதாவது ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்ப வேண்டுமல்லவா? அந்த வழியில்தான் நான் பலகைமேல் படுத்திருந்தேன். கரையை நோக்கியே கையை வீசினேன், நகரவில்லை. பலகை வாடகைக்கு விடும் அபாங் ஒருவர் வந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போகச் சொன்னார். அவர் சொன்னபடி போய் நீரோட்டத்தைத் தாண்டியதும் அலையே எங்களைக் கரையில் சேர்த்தது. மணலில் உட்கார்ந்தபோது தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கக்கூட விரலில் பலமில்லை.

நண்பர்களே, நம்மில் பலருக்கு இந்த விளையாட்டு தொலைக்காட்சியில்தான் அறிமுகம். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. திரையில் நாம் பார்ப்பது அலைமேல் நிற்கும் சில விநாடிகளைத்தான். கடலிலோ ஏறக்குறைய பாதி நேரம் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போடுவதிலும், மீதியில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பதிலும் போய்விடும். நிற்கும் நேரம் நூற்றுக்குப் பத்துகூட வராது.

ஆகவே பயிற்சி முதுகிலும் தோளிலும் தொடங்க வேண்டும். குனிந்து நின்று எடையை வயிற்றை நோக்கி இழுப்பது, கம்பியில் தொங்கி உடலை மேலே தூக்குவது, இரண்டும் உதவும். துடுப்புப் போடும்போது தோள் ஓயாமல் உள்நோக்கியே சுழல்கிறது. அதற்கு ஈடாக ரப்பர் பட்டையைப் பிடித்துக் கையை வெளிப்புறம் திருப்பும் பயிற்சியும் தேவை. இல்லையென்றால் தோள் வலி நிச்சயம். மார்பையும் தலையையும் தூக்கியபடியே படுத்திருக்க வேண்டியிருப்பதால் கீழ்முதுகும் களைக்கும். அதற்குச் சலபாசனத்தைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அலை முதுகுக்குப் பின்னால் வந்ததும் நான்கைந்து வேகமான வீச்சு, உடனே இரு கைகளையும் ஊன்றி ஒரே துள்ளலில் எழ வேண்டும். இங்கேதான் நம் தண்டால். மெதுவாக ஐம்பது எடுப்பதைவிட, தரையைத் தள்ளிப் பாதங்களைக் கைகளுக்கிடையே கொண்டுவரும்படி வேகமாக எட்டு எடுப்பது மேல். அறைத்தோழி திரங்கானுக்காரி. நான் தரையில் விழுந்து விழுந்து எழுவதைப் பார்த்து இரண்டு வாரம் சிரித்தாள். இப்போது அவளும் சேர்ந்துகொண்டாள். கால்களுக்குத் தோப்புக்கரணம் போதும்.

மூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அலை கவிழ்த்துவிட்டால் சில விநாடிகள் நீருக்கடியில் இருக்க நேரும். அதற்காகச் சிலர் குளத்தில் தனியாக மூச்சடக்கிப் பழகுகிறார்கள். தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த உயிர்வளியையும் கரிவளியையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மூச்சு முட்டும் தவிப்பைத் தூண்டுவது பெரும்பாலும் உடலில் சேரும் கரிவளிதான். நீருக்குள் போகுமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரிவளி குறையும். உயிர்வளி சொல்லும்படி கூடாது. அதனால் தவிப்பு எச்சரிக்கும் முன்பே மயக்கம் வந்துவிடலாம். அருகில் ஆளில்லை என்றால் அதுவே முடிவு. நான் மூச்சடக்கிப் பழகுவதில்லை. 25 மீட்டர் வேகமாக நீந்தி, பதினைந்து விநாடி ஓய்ந்து, மறுபடி நீந்துகிறேன், பத்து முறை. இரைக்கும்போதும் பதறாமலிருக்க அது பழக்குகிறது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நீச்சல் தெரிய வேண்டும். நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் குளமில்லை, பிறகு போன தேசிய இடைநிலைப்பள்ளியிலும் இல்லை. வீட்டில் தண்ணீர் என்றாலே அம்மாவுக்குப் பயம். இருபது வயதில், பல்கலைக்கழகக் குளத்தில், எட்டு வயதுப் பிள்ளைகளோடு பலகையைப் பிடித்துக் கால் உதைத்துத்தான் கற்றேன். வெட்கம் ஒரு வாரம்தான். இப்போது நிற்காமல் 400 மீட்டர் நீந்துகிறேன்.

வரும் டிசம்பரில் செராத்திங்கிற்கு ஒரு வேன் ஏற்பாடாகிறது. மூன்று இடம் காலி. வருபவர்கள் முதலில் பல்கலைக்கழகக் குளத்தில் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். கைத்தசையை யாரும் காட்ட வேண்டாம்.