கெட்டிலில் கடை டீ

மின்சாரக் கெட்டில் வாங்கிய வீட்டில் முதல் வாரத்துக்குள் யாராவது ஒருவர் அதில் பாலை ஊற்றிவிடுவார். பால், தண்ணீர், டீத்தூள், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு நகர்ந்தால், திரும்பி வரும்போது மேடை முழுக்கப் பழுப்பு நுரை. மூக்கு வழியாக வழிந்தது பாதி, அடியில் பிடித்தது மீதி. அன்று மாலையே தீர்ப்பும் வந்துவிடும்: “இதெல்லாம் வெள்ளைக்காரன் டீக்குத்தான் லாயக்கு.” அதன் பிறகு யாருக்காவது சளி பிடித்தால் வெந்நீர் வைக்க மட்டும் கெட்டில் வெளியே வரும்.

தீர்ப்பு தப்பு. கெட்டிலை வைத்து, நம் நாக்குக்குப் பிடித்த கெட்டியான பால் டீயைத் தாராளமாகப் போடலாம். அதற்கான செய்முறையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெருமுனை டீக்கடையில் காலை முதல் இரவு வரை அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

கடையில் பாய்லருக்குள் கொதிப்பது வெறும் தண்ணீர். பால் தனிப் பாத்திரத்தில், தனி அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும். டீத்தூள் துணி வடிகட்டியில் இருக்கும். மாஸ்டர் பாய்லரில் வெந்நீர் பிடித்து வடிகட்டியில் ஊற்றி டிகாஷன் இறக்குகிறார். டம்ளரில் பாலோடும் சர்க்கரையோடும் சேர்த்து ஆற்றுகிறார். மூன்றும் முதன்முதலில் சந்திப்பது அப்போதுதான். வீட்டில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடுவது. அது அடுப்புக்குப் பொருந்திய முறை. தீயைக் குறைக்கலாம், கரண்டியால் கிளறலாம், பொங்கினால் இடுக்கியால் தூக்கலாம். கெட்டிலில் இதில் ஒன்றுக்கும் வழியில்லை. அதை வீட்டுக்கு வந்த குட்டி பாய்லராக நினைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஃபில்டர் காபி குடிக்கும் வீடுகளில் கெட்டில் மீது இந்தப் புகாரே கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காபிப்பொடியின் மேல் ஊற்றக் கொதிநீர் தேவை. கெட்டில் அதைத் தருகிறது. டிகாஷன் ஃபில்டரில் இறங்குகிறது. டீக்காரர்கள்தான் கெட்டிலிடம் அடுப்பின் வேலையை எதிர்பார்க்கிறார்கள்.

பால் ஏன் பொங்கி வழிகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கெட்டில் தானாக எப்படி அணைகிறது என்று பார்க்க வேண்டும். அது தண்ணீரின் சூட்டை அளந்து அணைவதாகப் பலர் நினைக்கிறார்கள். சாதாரணக் கெட்டில்களில் அப்படியில்லை, ஆவிதான் ஆணையிடுகிறது. மூடிக்குப் பக்கத்தில், உள்பக்கமாக ஒரு சிறு துவாரம் இருக்கும். தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பியதும் அந்த வழியாகச் சுவிட்ச் இருக்கும் இடத்துக்குப் போகும். அங்கே இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய தகடு ஒன்று காத்திருக்கும். சூடு பட்டால் ஓர் உலோகம் அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். அதனால் தகடு சட்டென்று வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். ‘டக்’ என்று கேட்பது அந்தச் சத்தம்தான். மூடியைத் திறந்து வைத்தால் கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருப்பதற்கும் இதுவே காரணம். ஆவி வெளியே போய்விடுகிறது, தகட்டுக்குச் செய்தி போவதில்லை.

பாலில் நடப்பது வேறு. சுமார் 70 டிகிரியைத் தாண்டும்போது பாலில் உள்ள சில புரதங்கள் உருமாறி அடித்தகட்டில் ஒட்டத் தொடங்கும். அடியில் படிந்த அடுக்கு கருகும். மேலே ஏடு கட்டும். கீழிருந்து வரும் ஆவிக்குமிழ்கள் அதைக் கிழித்துக்கொண்டு போக முடியாமல் நுரையாக உயரும். தகட்டை வளைக்கும் அளவுக்கு ஆவி சேருவதற்குள் நுரை மூக்கைத் தாண்டிவிடும். ஆவித் துவாரத்துக்குள் பால் புகுந்து காய்ந்துவிட்டால், அடுத்த முறை தண்ணீருக்கும் சுவிட்ச் சரியாக அணையாது. பால் காய்ச்சவும் நூடுல்ஸ் வேகவைக்கவும் அகலமான வாயும் சூட்டைக் குறைக்கும் திருகும் வைத்த பலபயன் கெட்டில்கள் கடைகளில் உண்டு. அவை உண்மையில் மின்சாரப் பாத்திரங்கள். குறுகிய மூக்குள்ள கெட்டிலோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆவியை நம்பும் இந்த ஏற்பாட்டில் ஓர் அழகு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 100 டிகிரி வந்தால்தான் அணைவேன் என்று கெட்டில் அடம்பிடித்தால் அங்கே தண்ணீர் வற்றும்வரை ஓடவேண்டியதுதான். சென்னையில் வாங்கிய கெட்டில் ஊட்டியிலும் ஒழுங்காக அணைகிறதென்றால் ஆவிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இந்த நிலைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1890களில் வந்த மின்சாரக் கெட்டில்களில் சூடேற்றும் கம்பி தண்ணீருக்குக் கீழே தனி அறையில் இருந்தது. சூட்டில் பெரும்பகுதி வீணானது. அடுப்பே மேல் என்று மக்கள் ஒதுங்கினார்கள். 1922இல் பர்மிங்காமில் ஆர்தர் லெஸ்லி லார்ஜ் என்பவர் கம்பியை உலோகக் குழாய்க்குள் அடக்கித் தண்ணீருக்குள்ளேயே வைத்தார். வேகம் கூடியது, ஆனால் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. மறந்தால் தண்ணீர் வற்றிக் கம்பி எரியும். 1955இல் பில் ரஸ்ஸலும் பீட்டர் ஹாப்ஸும் நடத்திய பிரிட்டிஷ் நிறுவனம், ஆவி பட்டால் வளையும் தகட்டை வைத்துத் தானே அணையும் கெட்டிலைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் இத்தகைய தகடுகளையும் கட்டுப்பாட்டுச் சுவிட்சுகளையும் மேம்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஜான் டெய்லர். கேம்பிரிட்ஜில் 2008இல் ஸ்டீபன் ஹாக்கிங் திறந்துவைத்த, வெட்டுக்கிளி உருவம் ஏறி நிற்கும் கார்ப்பஸ் கடிகாரமும் இவருடைய படைப்புதான். கெட்டில் சுவிட்சில் சம்பாதித்த பணம் ஒரு கடிகாரமாக நிற்கிறது.

பிரிட்டனில் கெட்டில் மின்வாரியத்தையே நடுங்க வைத்த கதையும் உண்டு. 1990 ஜூலை 4 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாடு முழுக்க மக்கள் எழுந்துபோய்க் கெட்டிலைத் தட்டினார்கள். விளக்குகளும் தண்ணீர்ப் பம்புகளும் கூடவே ஓடின. மின்தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் எகிறியது. கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு உலைகளின் மொத்தத் திறன் 2,000 மெகாவாட்தான் என்பதோடு ஒப்பிட்டால் அந்தத் தாகத்தின் அளவு புரியும்.

அங்கே கெட்டில் 3,000 வாட் வரை இழுக்கும். இங்கே பரவலாக விற்பது 1,500 வாட். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இதற்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். வோல்டேஜ் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. வோல்டேஜ் 230இலிருந்து 180ஆக இறங்கினால் கெட்டிலின் சக்தி அதே விகிதத்தில் இறங்குவதில்லை. அதன் வர்க்க விகிதத்தில் விழுந்து சுமார் 920 வாட்டுக்கு வந்துவிடும். கோடையில் மாலை நேரத்தில் “கெட்டில் பழுதாகிவிட்டது” என்று சொல்பவர்கள், மறுநாள் காலை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

செலவு? ஒரு லிட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் 60 பைசா. அதே வேலைக்கு கேஸ் அடுப்பில் சுமார் 10 கிராம் எரிவாயு போகும், 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 63 பைசா. ஆக, கெட்டில் காசை மிச்சப்படுத்தும் என்றும் சொல்ல முடியாது, கரைக்கும் என்றும் சொல்ல முடியாது. மிச்சமாவது நேரமும், அடுப்படியில் நிற்கும் வேக்காடும்தான். ஒரு டம்ளருக்காகக் கெட்டில் நிறையத் தண்ணீர் வைத்தால் மட்டும் கணக்கு கெட்டுவிடும். பெரிய கெட்டில்களில் குறைந்தபட்சக் கோடே பெரும்பாலும் அரை லிட்டரில் இருக்கிறது. தனியாக இருப்பவருக்கு ஒரு லிட்டருக்குக் குறைவான கெட்டில் போதும்; வீட்டில் பெரியது இருந்தால் மீதி வெந்நீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடலாம்.

இனி டீக்கு வருவோம். இரண்டு டம்ளர் டீக்கு 200 மில்லி தண்ணீர் வேண்டும். கெட்டில் கொதித்து அணைந்ததும், மூடி போட்ட சில்வர் பாத்திரத்திலோ பீங்கான் ஜாடியிலோ கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் குளிர்ந்த பாத்திரமே சூட்டைக் குடித்துவிடும், டிகாஷன் வெளுத்துப்போகும். பிறகு இரண்டு தேக்கரண்டி டீத்தூள் போட்டு, தண்ணீரை மறுபடி ஒரு கொதி விட்டு உடனே ஊற்றி மூட வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் குருணை டீத்தூளும் டஸ்ட் டீயும் பெரும்பாலும் சிடிசி ரகம். 1930களில் அசாமில் வந்த முறை இது. பல் வைத்த உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறார்கள். குருணை சிறிதாக இருப்பதால் சாயமும் துவர்ப்பும் வேகமாக இறங்கும். நான்கு நிமிடம் போதும். அதற்கு மேல் அடுப்பில் கொதிக்கவிட்டுக் கிடைப்பதில் பெரும்பங்கு துவர்ப்புதான்.

பிரிட்டிஷ் தர நிர்ணய அமைப்பு, டீயைச் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு விதிமுறை வைத்திருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம். டீ போட ஆறு பக்கம் எழுதியதற்காக 1999இல் அந்த அமைப்புக்கு இக் நோபல் என்ற கேலிப் பரிசும் கிடைத்தது. அது பால் சேர்த்துக் கெட்டியாகக் குடிப்பவர்களை நினைத்து எழுதப்பட்டதல்ல. நாம் தூளைக் கொஞ்சம் கூட்டித்தான் போட வேண்டும்.

இஞ்சி வேண்டுமென்றால் நசுக்கி, தூளுக்கு இரண்டு நிமிடம் முன்பே கொதிநீரில் போட்டு மூடலாம். பச்சை இஞ்சியில் பாலைத் திரியவைக்கும் ஒரு நொதி இருக்கிறது. கொதிநீரில் அது செயலிழந்துவிடும். பச்சை இஞ்சியை நேராகச் சூடான பாலில் போட்டுத் திரிந்துபோனால் பால்காரரைத் திட்ட வேண்டாம்.

பாலை அடுப்பில் ஒரு பொங்கு பொங்கவிட்டு, வடிகட்டிய டிகாஷனோடு சேர்த்து, இரண்டு ஆற்று ஆற்றினால் முடிந்தது. பால் ஆறியிருந்தால் எல்லா உழைப்பும் வீண். கெட்டில் டீ “சப்பென்று இருக்கிறது” என்ற புகாரில் பாதிக்குக் காரணம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால்தான். விடுதியில் அடுப்பில்லாதவர்கள் பால் பவுடரை மிகச் சூடான டிகாஷனிலேயே கரைத்துக்கொள்ளலாம். அது கடை டீ ஆகாது, ஆனால் தேர்வுக்காலத்துக்குத் தாங்கும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் சில வாரங்களிலேயே கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் கட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள் கொதிக்கும்போது பிரிந்து ஒட்டுவதால் வருவது இது. சிலர் பயந்துபோய்க் கெட்டிலையே தூக்கிப்போடுகிறார்கள். படிவால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கொதிக்க நேரம் கூடும், அடித்தகடு சீக்கிரம் வீணாகும். இதே கடின நீர்தான் டீயின் மேல் எண்ணெய் போல மிதக்கும் ஆடைக்கும் காரணம் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி வேதியியலாளர்கள் 1990களில் காட்டினார்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் படிவு போய்விடும். கம்பி நாரால் தேய்க்க வேண்டாம்.

மின்சார விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. 1,500 வாட் என்பது 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். சுவரிலுள்ள சின்ன பிளக்கின் அளவே 6 ஆம்பியர்தான். மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டியில் டிவி, சார்ஜரோடு சேர்த்துக் கெட்டிலையும் செருகினால் வயர் உருகும். மண் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் இதைத் தாங்காது. ரயில் பெட்டியில் உள்ள பிளக் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் உரியது. அதில் கெட்டில் செருகுவதற்குத் தடை இருக்கிறது.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, உள்பக்கம் முழுக்க ஸ்டீலா என்று பாருங்கள். அதோடு மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கை நுழையாத கெட்டிலைக் கழுவ முடியாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.