நகரத்து ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர் நகல்... அலையாமல் வாங்குவது எப்படி?

'கத்திரிக்காய் இறக்க மதுரைக்குப் போன என் வீட்டுக்காரர், டூவீலரில் திரும்பி வரும்போது கார் மோதி கால் முறிந்து படுத்திருக்கிறார். கொழுந்தனார் போய் போலீஸில் எழுதிக் கொடுத்தார். ஒரு சீட்டு கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர் நகல் கேட்டு நான்கு முறை போய்விட்டேன். 'ஐயா இல்லை, அப்புறம் வாங்க' என்கிறார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் வேலை கெடுகிறது. மாட்டைப் பார்க்க ஆள் இல்லை. நகல் இல்லாமல் நஷ்டஈடு கேட்க முடியாது என்கிறார்களே, நான் என்ன செய்வது?'

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது. நம் வாசகர்கள் பலருக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நகரம்தான் போக்கிடம். அங்கே விபத்தோ திருட்டோ நடந்தால், ஊர் ஸ்டேஷனைப்போல தெரிந்த முகம் இருக்காது. எந்தக் காகிதத்தை, யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொண்டால், பாதி அலைச்சல் குறையும்.

கையில் இருப்பது எந்தச் சீட்டு?

முதலில், கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 'சி.எஸ்.ஆர்' என்று இருந்தால், உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டார்கள் என்பதற்கான ரசீது மட்டுமே. வழக்குப் பதிவானதாக அர்த்தமில்லை. வழக்குப் பதிந்தால் 'குற்ற எண்' கொடுப்பார்கள். 215/2025 என்பதுபோல, வரிசை எண்ணும் ஆண்டும் சேர்ந்து இருக்கும். இனி எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் சாவி. அதனால் நகல் கேட்பதற்கு முன், 'குற்ற எண் என்ன?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

போகிற இடம் சரிதானா?

மாநகரங்களில் பலர் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம். சென்னை, தாம்பரம், ஆவடி, கோவை, திருப்பூர், சேலம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி ஆகிய இடங்களில் காவல் ஆணையர் தலைமையில் மாநகரக் காவல் இயங்குகிறது. அங்கே சாலை விபத்து வழக்குகளைப் பெரும்பாலும் 'போக்குவரத்து புலனாய்வுப் பிரிவு'தான் விசாரிக்கும். விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் மனு கொடுத்திருந்தாலும், கோப்பு அந்தப் பிரிவில் இருக்கலாம். 'இந்த வழக்கு யார் கையில் இருக்கிறது?' என்று கேளுங்கள். அதிகாரியின் பெயர், பதவி, அலுவலக போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

நகல் இலவசம்... அது உங்கள் உரிமை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவு, எஃப்.ஐ.ஆர் நகலை உடனே, கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும் என்கிறது. பழைய சட்டத்தில் புகார் கொடுத்தவருக்கு மட்டும்தான் இந்த உரிமை இருந்தது. இப்போது பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. நம் வாசகி விஷயத்தில், புகார் கொடுத்த கொழுந்தனாரும் கேட்கலாம். அடிபட்ட கணவரும் கேட்கலாம். கணவர் எழுந்து வர முடியாவிட்டால், அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடும் ஆதார் நகலோடும் மனைவி போகட்டும்.

நேரில் போகாமலும் பார்க்கலாம். சில விதிவிலக்குகள் தவிர, எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம். பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகள் ஏற்றப்படாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் ஸ்டேஷன், ஆண்டு, எஃப்.ஐ.ஆர் எண் கொடுத்துத் தேடலாம். மாவட்டம் கேட்கும் இடத்தில் கவனம் தேவை. மதுரை மாவட்டம் வேறு, மதுரை மாநகரம் வேறு. மாற்றிக் கொடுத்தால், இருக்கிற எஃப்.ஐ.ஆரும் கிடைக்காது.

நஷ்டஈட்டுக்கு எஃப்.ஐ.ஆர் மட்டும் போதாது

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட, இன்னும் சில காகிதங்கள் வேண்டும்.

* விபத்து நடந்த இடத்தின் வரைபடம், பார்வை மகஜர்
* மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை
* மோதிய வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் நகல்கள்
* ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று. இறப்பு என்றால் பிரேத பரிசோதனை அறிக்கை
* விசாரணை முடிந்திருந்தால் குற்றப்பத்திரிகை

வாகன விவரங்களை, இழப்பீடு கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 160-வது பிரிவே சொல்கிறது. இதற்குக் கட்டணம் உண்டு. ரசீது கேட்டு வாங்குங்கள்.

கெடுவை மறக்காதீர்கள். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆனாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இன்னொரு நல்ல செய்தி... மனு போட மதுரைக்கோ சென்னைக்கோ போகத் தேவையில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் கைவிட வேண்டாம். அப்படிப்பட்ட விபத்தில் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்க மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. அதற்கான மனுவை வருவாய்த்துறை அதிகாரிகள் விசாரிப்பார்கள்.

'அப்புறம் வாங்க' என்றால்..?

வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு, எழுத்தில் கேளுங்கள்.

வழக்கே பதியவில்லை என்றால், புகாரின் சாரத்தை எழுதி, மாநகரத் துணை ஆணையருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். சி.எஸ்.ஆர் நகலை இணைத்து, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். சட்டம் காட்டும் வழி இதுதான்.

வழக்குப் பதிந்தும் காகிதம் தரவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'பொதுத் தகவல் அலுவலர், மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம்' என்ற முகவரிக்கு அனுப்பலாம். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. சான்று இணைக்க வேண்டும். 'ஏன் தரவில்லை?' என்று சண்டை பிடிக்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள். உதாரணமாக...

'குற்ற எண் ......, நாள் ...... வழக்கின் (1) எஃப்.ஐ.ஆர் நகல், (2) மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையின் நகல், (3) வழக்கின் தற்போதைய நிலை ஆகியவற்றை வழங்கவும்.'

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதன் பிறகு, 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். விசாரணைக்கு இடையூறாகும் தகவலை மறுக்க, 8-வது பிரிவில் இடமுண்டு. ஆனால், அதே காரணத்தைச் சொல்லி எஃப்.ஐ.ஆரை மறுக்க முடியாது. அது உங்களுக்கு வந்து சேர வேண்டிய காகிதம். 6 மாதக் கெடு ஓடுவதால், ஐந்தாவது மாதம்வரை காத்திருந்து தகவல் மனு போடாதீர்கள். முதல் மாதத்திலேயே போடுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா?

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

நம் வாசகி அடுத்த நடை கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டுப் போடட்டும். போன தேதி, பார்த்த அதிகாரி, சொன்ன பதில் மூன்றையும் அதில் எழுதட்டும். கணவரின் கடிதம், சி.எஸ்.ஆர் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். ஐந்தாவது நடை வெறும் கையோடு முடிந்தால், அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போய்விடட்டும்.