குறட்டையும் பல் வைத்தியரும்

நம் கிராமங்களில் ஒருவர் உரத்துக் குறட்டை விட்டு உறங்குவாராயின், "நல்ல உழைப்பாளி, அயர்ந்து தூங்குகிறார்" என்று கூறுவது வழக்கம். ஆயினும் எல்லாக் குறட்டையும் நல்லுறக்கத்தின் அறிகுறி அன்று. சிலருக்கு அது நோயின் அறிகுறியாகும்.

எமது வட்டாரத்தில் டிராக்டர் ஓட்டும் ஒருவர், சென்ற அறுவடைக் காலத்தில் பட்டப்பகலில் கண்ணயர்ந்து வண்டியை வாய்க்காலில் இறக்கிவிட்டார். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அவர் குடித்திருந்தார் என்று ஊரார் பேசினர்; பஞ்சாயத்திலும் அப்பேச்சு எழுந்தது. அவரோ மதுவைத் தொடாதவர். சில நாள் கழித்து, தேய்ந்து கூசும் பற்களைக் காட்ட அவர் பல் வைத்தியரிடம் சென்றார். வாயைச் சோதித்த வைத்தியர், "இரவில் குறட்டை உண்டா?" என்று வினவினார். உடன் சென்றிருந்த மனைவி, "குறட்டை திடீரென்று நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும், பிறகு திணறிக்கொண்டு விழிப்பார்" என்றார். காரணம் அப்போதுதான் புலப்படத் தொடங்கியது.

இந்நோயை உறக்க மூச்சடைப்பு என்பர். பம்புசெட்டு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இதனை விளக்குதல் எளிது. நீரை உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய ஓஸ் குழாயை மாட்டினால், உறிஞ்சும் வேகத்தில் அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும், நீர் வராது. நம் தொண்டையும் மென்மையான சதையாலான குழாயே. உறக்கத்தில் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிய, மூச்சுவழி ஒட்டிக்கொள்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு தடைப்படும். இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை உறக்கத்தைக் கலைக்கும். மூச்சு நிற்பதும் மிகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 முறை நேர்ந்தால் இலேசான நோய். 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. பகல் தூக்கம், காலைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை இதனுடன் சேர்ந்து வரும்.

முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் இயந்திரமே இதற்கு முதன்மையான சிகிச்சை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் இம்முறையை வெளியிட்டனர். நீர் நிரம்பிய ஓஸ் குழாய் விரிந்து நிற்பதுபோல், காற்றழுத்தத்தால் தொண்டை விரிந்து நிற்கும். ஆனால் இரவு முழுதும் முகமூடி அணிவது சிலருக்கு இயலுவதில்லை. அவர்களுக்கே பல் வைத்தியரின் துணை வேண்டும்.

அவர் இரு பல் வரிசைகளுக்கும் அச்செடுத்து, அவற்றின்மேல் பொருந்தும் கவசம் ஒன்று செய்விக்கிறார். அதனை அணிந்து உறங்கினால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னே நிற்கும், அதனோடு நாக்கும் முன்வரும், மூச்சுவழி திறக்கும். முகமூடியைப் பொறுக்க இயலாத பெரியவர்களுக்கு இக்கவசத்தைத் தரலாம் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் நெறி வகுத்தன. இலேசான, நடுத்தர நோய்க்கு இது ஏற்றது. கடும் நோய்க்கு இயந்திரத்தையே முதலில் நாட வேண்டும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. பல் வைத்தியர் ஐயுறலாம். நோயை உறுதி செய்வது உறக்கப் பரிசோதனையே. ஆகவே முதலில் பொது வைத்தியரைக் கண்டு, அவர் அனுப்பும் பெரிய மருத்துவமனையில் சோதித்துக்கொள்ள வேண்டும். கவசத்தைத் தாங்கப் போதிய உறுதியான பற்கள் வேண்டும்; ஈறுநோய் இருப்பின் அதனை முன்னதாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தாடைவலியும், நாளடைவில் பல் நகர்தலும் நேரக்கூடுமாதலால், வைத்தியரிடம் தவறாது காட்டி வருதல் அவசியம். உடற்பருமனைக் குறைத்தல், இரவில் மதுவை விலக்கல், பக்கவாட்டில் படுத்தல் ஆகியவை எவருக்கும் நன்மை தரும்.

2021-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம் பார்க்க வருவோரிடம், வீட்டிலுள்ளவரின் குறட்டையையும் மூச்சுத் திணறலையும் பெண்கள் தயங்காமல் சொல்ல வேண்டும். உறங்குபவர் தம் நோயை அறியார், அருகிருப்பவரே அறிவர்.

மேற்சொன்ன டிராக்டர் ஓட்டுநர், பரிசோதனைக்குப் பின் கவசம் அணிந்து, மறுபரிசோதனையும் செய்துகொண்டு இன்று நலமாக வண்டி ஓட்டுகிறார். பஞ்சாயத்து அங்கத்தினர்களே, பகலில் ஒருவர் கண்ணயர்ந்தால் பழி சுமத்துமுன், அவர் இரவில் எவ்வாறு உறங்குகிறார் என்று வினவுவோமாக.