உத்தரவு கேட்கும் வீடுகள்

தெய்வத்திடம் சம்மதம் கேட்பதற்குத் தமிழ்நாட்டில் வழங்கும் சொல் உத்தரவு. பெண்ணுக்கு வரன் அமைந்திருக்கிறது, கொடுக்கலாமா? கிணறு வெட்ட இடம் பார்த்தாயிற்று, தோண்டலாமா? கேள்வி இப்படித்தான் இருக்கும். பதிலாக ஒரு பூ விழும், ஒரு பல்லி ஒலிக்கும், ஒரு கனவு வரும். “சாமி உத்தரவு கொடுத்துருச்சு” என்பார்கள் வீட்டார். இப்பழக்கங்களை எல்லாம் சோதிடத்தோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. சோதிடம் வரப்போவதைக் கணிக்கிறது. உத்தரவு கேட்பதோ, வெளியூர் கிளம்புமுன் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவர் தலையசைப்புக்காக நிற்பதைப் போன்றது. குலதெய்வம் அந்த வீட்டின் ஆக மூத்த ஆள். அதைக் கேட்காமல் ஒரு காரியத்தைத் தொடங்குவது மரியாதைக் குறைவு என்ற எண்ணமே இதற்கெல்லாம் அடிப்படை.

குறிகளில் எளியது பூ. காலையில் சாமி படத்துக்கு வைத்த அரளியோ செம்பருத்தியோ, கும்பிட்டு நிற்கும் நேரத்தில் தானாக நழுவி விழுந்தால் “சாமி பூக் கொடுத்தது” என்பார்கள். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் செருகிக்கொள்வார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் பொறுத்திரு என்று பல ஊர்களில் கொள்கிறார்கள். சில கோயில்களில் இதை முறையாகவே செய்வதுண்டு. பூசாரி ஈரப்பூவைச் சிலையின் மீது வைத்து, குடும்பத்தின் கேள்வியைச் சாமியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார். பூ விழும்வரை யாரும் பேசுவதில்லை. பூ விழாமலே வீடு திரும்புகிறவர்களும் உண்டு.

பூக்கட்டிப் பார்ப்பது இதைவிட இறுக்கமான முறை. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் எடுத்து, நிறம் வெளியே தெரியாதபடி இலையிலோ தாளிலோ ஒரே அளவாக மடித்துக் கட்டி, சந்நிதியில் வைப்பார்கள். எந்த நிறம் வந்தால் சம்மதம் என்பதை முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும்; பெரும்பாலும் அது வெள்ளை. பொட்டலத்தை எடுக்க ஒரு குழந்தையை அழைப்பார்கள். குழந்தைக்குக் கேள்வி தெரியாது. எந்தப் பதில் வரவேண்டும் என்ற ஆசையும் அதற்கு இல்லை. ஆசையுள்ள கை தன் ஆசையையே எடுத்துவிடும் என்பதை யாரும் சொல்லித்தராமலே தெரிந்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. இரண்டுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தால் பூவுக்குப் பதிலாகப் பெயர்களை எழுதிச் சுருட்டிப் போடுவார்கள். அது திருவுளச்சீட்டு.

எல்லாவற்றுக்கும் பூக்கட்டிப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனம் ஒருபக்கம் தெளிவாகச் சாய்ந்திருக்கும் காரியத்துக்கு யாரும் கோயிலுக்குப் போவதில்லை. அண்ணன் ஒன்று சொல்ல, தம்பி வேறொன்று சொல்ல, இரண்டிலும் நியாயம் இருக்கும்போதுதான் பூ தேவைப்படுகிறது. பொட்டலத்தைப் பிரித்த பிறகு விட்டுக்கொடுக்க வேண்டியவர் அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக்கொடுப்பதில்லை, சாமிக்கு விட்டுக்கொடுக்கிறார். பந்தி விரித்தால் இருவரும் சேர்ந்து உட்கார முடிகிறது. ஒரு குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

பூவைக் கேட்டுப் பெற வேண்டும். பல்லி கேட்காமலே சொல்லும். திண்ணையில் பேச்சு நடந்துகொண்டிருக்கையில் சுவரில் பல்லி ஒலித்தால், பேசுகிறவர் விரலால் தரையைத் தட்டி, “பாரு, பல்லியே சொல்லுது” என்பார். கோயில் மணி கேட்டாலும் அப்படித்தான். பல்லி எந்தத் திசையில் ஒலித்தால் என்ன பலன், உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கங்களில் அட்டவணையே உண்டு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கப் படியேறிச் செல்லும் கூட்டத்தில், பல்லி விழுந்த தோஷம் கழிய வந்தவர்களும் இருப்பார்கள். பல்லி ஒலியைக் குறியாகக் கேட்கும் வழக்கம் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. பொருள் தேடிப் போன தலைவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஒலி ஆறுதலாக அமைகிறது.

தற்செயலாகக் காதில் விழும் பேச்சைக் குறியாகக் கொள்வதற்குப் பழந்தமிழில் விரிச்சி என்று பெயர். தொல்காப்பியம் இதைப் போருக்குப் புறப்படும் நேரத்துத் துறைகளில் ஒன்றாக வைக்கிறது. இதன் அழகான சித்திரம் நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் இருக்கிறது. மழைக்கால மாலை. அரசன் பாசறையில், அரசி அரண்மனையில். வயது முதிர்ந்த பெண்கள் நாழி நெல்லோடும் அப்போதுதான் மலர்ந்த முல்லையோடும் ஊருக்கு வெளியே போய், அவற்றைத் தூவி வணங்கி, நற்சொல் கேட்கக் காத்து நிற்கிறார்கள். அங்கே குளிருக்குத் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இடைப்பெண், தாம்பில் கட்டுண்டு தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று தேற்றுகிறாள். அவ்வளவுதான். முதிய பெண்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அரசியிடம் வந்து, தலைவன் வெற்றியோடு திரும்புவான் என்கிறார்கள். அந்த இடைப்பெண்ணுக்கு அரசியைப் பற்றி எதுவும் தெரியாது. பூக்கட்டிப் பார்க்கையில் குழந்தையை அழைப்பதும் இங்கே இடைப்பெண்ணின் சொல்லைக் கேட்பதும் ஒரே தேவைக்காக. நடுவே நிற்பவருக்குக் கேள்வி தெரியக் கூடாது.

உடம்பும் குறி சொல்லும். பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நன்மை, வலக்கண் துடித்தால் தீமை என்ற நம்பிக்கையைச் சிலப்பதிகாரம் ஒரு காட்சியாகவே ஆக்கியிருக்கிறது. இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. கோவலன் யாரிடம் திரும்பப்போகிறான் என்பது அவனுக்கே தெரியாத நேரம் அது. கை வரையும் கோட்டையே குறியாகக் கொள்ளும் கூடல் இழைத்தல் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரையும்போது தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர்ந்தால் நினைத்தது கைகூடும் என்பது அதன் பொருள்.

சைவத்தில் இதற்கு இணையானது திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தல். ஏட்டுக்கட்டைப் பூசையில் வைத்து, கண்ணால் பாராமல் ஏடுகளுக்கு நடுவே கயிற்றைச் செருகி, அந்த இடத்தில் வரும் பாடலை இறைவன் சொன்ன பதிலாகக் கொள்வது இம்முறை. திருப்பெண்ணாகடத்து அச்சுதக் களப்பாளரின் வரலாறு இதற்குப் பெயர்பெற்ற சான்று. பிள்ளையில்லாத அவருக்காகக் குலகுரு சகலாகம பண்டிதர் கயிறு சாத்தியபோது, திருவெண்காட்டைப் பற்றிய சம்பந்தரின் பதிகப் பாடல் வந்தது. அங்குள்ள முக்குளத்தில் நீராடினால் பிள்ளைப்பேறு கிடைக்கும் என்று சொல்லும் பாடல் அது. கணவனும் மனைவியும் திருவெண்காட்டுக்குப் போய்த் தங்கி வழிபட்டார்கள். ஆனால் கனவில் இறைவன், இப்பிறவியில் உனக்குப் பிள்ளை இல்லை என்கிறார். அச்சுதக் களப்பாளர் தளரவில்லை. சம்பந்தர் வாக்கை நம்பித்தான் வந்தோம் என்று எடுத்துச் சொல்கிறார். அந்த உறுதிக்கு இறைவன் இணங்கியதாக வரலாறு முடிகிறது. பிறந்த குழந்தையே பின்னாளில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார். கயிறு சாத்திய சகலாகம பண்டிதரே அவருக்கு மாணவராகி அருணந்தி சிவாசாரியார் ஆனார். கனவில் வந்த மறுப்பைக்கூட ஒரு பக்தர் வாதாடி மாற்றலாம் என்பதை இந்தக் கதை சொல்கிறது. பெரியவரிடம் கேட்பதைப் போன்றது என்றால் பெரியவரிடம் மன்றாடவும் இடம் இருக்கத்தானே வேண்டும்!

கனவைக் கோயில் நடைமுறையாகவே வைத்திருக்கும் ஊர் திருப்பூர் மாவட்டம் காங்கேயத்தை அடுத்த சிவன்மலை. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் இது. சுப்பிரமணிய சுவாமி யாரேனும் ஒரு பக்தரின் கனவில் தோன்றி, இன்ன பொருளை வைத்துப் பூசை செய் என்று சொல்வதாக ஐதீகம். கனவு கண்டவர் கோயிலுக்கு வந்து தெரிவிக்க வேண்டும். அதோடு முடியாது, சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்து, வெள்ளைப் பூ வந்தால்தான் அந்தப் பொருள் கண்ணாடியிட்ட உத்தரவுப் பெட்டிக்குள் ஏறும். அடுத்த பக்தருக்கு அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். சில நாளில் மாறுவதும் உண்டு, மாதக்கணக்கில் மாறாமல் இருப்பதும் உண்டு. மண், தண்ணீர், மஞ்சள், தங்கம், துப்பாக்கி என்று பலவும் இந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கின்றன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்கு முன் தண்ணீர் வைக்கப்பட்டிருந்ததைப் பக்தர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். மஞ்சள் வைத்தால் மஞ்சள் விலை என்னாகும் என்று விவசாயிகள் பேசிக்கொள்வார்கள். கோயிலோ எந்த விளக்கமும் தருவதில்லை. பொருளை வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஒருவருடைய கனவை அப்படியே ஏற்காமல், பூவால் ஒருமுறை சரிபார்த்த பிறகே பொதுவில் வைக்கும் இந்த முறையில் நம்பிக்கையும் நிதானமும் சேர்ந்தே இருக்கின்றன.

விலங்கும் பறவையும் சொல்லும் உத்தரவுகளும் உண்டு. கிராமக் கோயில்களில் வெட்டுவதற்கு முன் ஆட்டின் மீது மஞ்சள்நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்து உலுக்கும்வரை காத்திருப்பார்கள். குடமுழுக்கின்போது மேலே கருடன் வட்டமிட்டால் கீழே கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். அமாவாசையன்று வைத்த சோற்றைக் காக்கை எடுத்தால்தான் வீட்டில் இலை போடுவார்கள். திருக்கழுக்குன்றத்தில் நண்பகல்தோறும் மலைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் உண்ட இரண்டு கழுகுகளைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் தரிசித்தார்கள். 1990களின் இறுதியோடு அவை வருவது நின்றுபோனது. பாறுக் கழுகினம் நாடெங்கும் அருகிவந்த காலம் அது. வராத பறவைக்காக வானத்தைப் பார்த்து நின்றவர்களின் துயரம், பறவையியலாளரின் துயரத்துக்குக் குறைந்ததல்ல.

நோயே வருகையாகக் கொள்ளப்படும் இடம் அம்மை. “அம்மா வந்திருக்கா” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கொப்புளத்துக்குப் பெயர் முத்து. வாசலில் வேப்பிலை செருகப்படும். வீட்டில் தாளிப்பு நிற்கும். வெளியாட்கள் வருவது நிற்கும். படுத்திருப்பவரை யாரும் கடிந்து பேசமாட்டார்கள், உடம்பு அம்மனுடையதாக ஆகிவிட்டதால். முத்து இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றி அம்மனை வழியனுப்புவார்கள். பெரியம்மை இந்தியாவில் 1975-இல் ஒழிந்தது. உலகம் முழுவதும் ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. அதைச் செய்தது தடுப்பூசி. சின்னம்மைக்கும் அதே வழிபாடு தொடர்கிறது. நோயாளியைத் தனியே வைப்பதும் வெறுக்காமல் பார்த்துக்கொள்வதும் அந்த வழிபாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் பெரியவர்களையும் கர்ப்பிணிகளையும் சின்னம்மை கடுமையாகத் தாக்கக் கூடியது. அம்மனுக்கு வேப்பிலை வைத்த கையோடு மருத்துவரிடம் போவதே முறை. பல வீடுகள் இன்று அப்படித்தான் செய்கின்றன.

மனிதரே குறியாவது சாமியாட்டத்தில். உடுக்கை ஒலிக்கும், ஒருவர் மேல் சாமி இறங்கும், கூடியிருப்பவர்கள் “வந்திருக்கறது யாரு?” என்று கேட்பார்கள். சாமி தன் பெயரைச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லச் சொல்லிச் சோதிப்பதும் உண்டு. ஆடுகிறவர் பொய் ஆடுகிறாரா என்ற கேள்வி படித்தவர்கள் புதிதாகக் கொண்டுவந்ததல்ல. திருவிழாக் கூட்டத்தின் முன்வரிசையில் நிற்கும் மூதாட்டிகள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. வந்தது சாமி என்று தெளிந்தால்தான் திருநீற்றை வாங்கிக்கொள்வார்கள்.

தவறாகப் படிக்கப்பட்ட குறிகளின் நினைவும் மரபில் இருக்கிறது. சங்கப் பாடல்களில் மகள் மெலிவதைக் கண்ட தாய் முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து, முருகன் வருத்தம் என்று சொல்லி வெறியாடுகிறான். மகளை வாட்டுவது காதல் என்பது தோழிக்குத் தெரியும். குறி பிழைப்பதைப் பாடிய அதே புலவர்கள்தான் பல்லியின் ஒலியில் ஆறுதலையும் பாடினார்கள். இன்றும் குறி சொல்கிறேன் என்று பயங்காட்டிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பரிகாரத்துக்கு விலை பேசத் தொடங்கும் இடத்தில் உத்தரவு என்ற சொல்லுக்கு வேலை இல்லை. பூவுக்கும் பல்லிக்கும் யாரும் காசு கொடுப்பதில்லை.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி ஒரே நாளில் இந்தியாவைச் சுற்றி வெளிநாட்டுக் கோயில்களையும் எட்டியது. பரப்பு இழுவிசையும் நுண்புழை ஏற்றமும் காரணம் என்று அறிவியலாளர்கள் விளக்கினார்கள். மறுநாளே பரபரப்பு அடங்கியது. வீட்டுக் குறிகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பூ விழுவதற்கு ஈரம் உலர்ந்தது காரணம் என்பது வைத்தவருக்கே தெரியும். தன் கேள்விக்கு நேராக, தான் நின்ற நேரத்தில் அது விழுந்தது என்பதே அவர் சொல்வது.

வெள்ளைப் பூ வந்தால் காரியம் தொடங்கும். வேண்டிக்கொண்டவர் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தருகே வைப்பார். சிவப்பு வந்தால் காரியத்தை ஒத்திப்போடுவார்கள். அன்றே இரண்டாம் முறை கட்டிப் பார்ப்பது கூடாது என்பார்கள் பெரியவர்கள். ஒரு பருவம் கழியட்டும் என்று திரும்புவார்கள். பிரித்த பூ இரண்டையும் சாமி காலடியிலேயே விட்டுவிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள்.